கால் பங்கு படம்

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகும் திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்க்க மங்களேஸ்வரிக்கு அருவருப்பாக இருந்தது. நகர்த்துவது யாரென்று தெரியும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் இம்மானுவேல், கம்பெனியின் சப்போர்ட் ஆள், ஹெட்செட்டில் தன் பெயரை இரண்டு தடவை சொல்லி, "உங்க லேப்டாப்பை நான் எடுத்துக்கலாமா மேடம்" என்று முறையாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான். இருந்தாலும் அந்த அம்பு ஓர் இடத்தில் போய்த் தயங்கி, திறந்து, எட்டிப் பார்த்து, மூடி, அடுத்த இடத்துக்கு நகர்வது, யாரோ ஈரக்கையோடு அவள் பீரோவைத் திறந்து மடித்து வைத்த சேலைகளுக்கு நடுவில் விரலை விட்டுத் துழாவுவது மாதிரியே இருந்தது. மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி அறை, காலை பதினொரு மணி, ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தாள். எதிர்மாடியிலிருந்து யார் கண்ணிலும் இந்தத் திரை பட்டுவிடக் கூடாது என்பது கம்பெனி விதி. மேஜையில் எட்டு மணிக்குப் போட்ட காப்பி. மேலே ஆடை படிந்து, சுருங்கி, ஓரத்தில் கிழிந்திருந்தது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். தோல். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் தோலாகவே தெரிகிறது, பாலின் ஆடை, வெந்த தக்காளியின் மேல் சுருண்டு நிற்பது, அவள் கணவன் தனுஷ்கோடி டயர் கடையிலிருந்து வந்து கழற்றிப் போடும் பனியன்கூட. ஹெட்செட்டின் பஞ்சு வேர்த்துப்போய்க் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் மூன்று வருஷத்து வேர்வை இருக்கும். அதற்குள்ளிருந்துதான் இம்மானுவேலின் குரல் வந்தது: "இவ்வளவு ஸ்லோவா இருக்கே மேடம், இதை வச்சிக்கிட்டு எப்படி வேலை பாக்குறீங்க?"

"என்ன சார் பண்றது, பாக்குறேன்" என்றாள். சொன்ன உடனே அந்தக் குரலிலிருந்த பாவம்போன்ற இழுப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. பொய் சொல்லும்போது மட்டும் வருகிற இழுப்பு அது. தனுஷ்கோடியிடம் 'விளம்பரப் படங்களைச் சரிபார்க்கிற வேலை' என்று மூன்று வருஷமாகச் சொல்லிவருவதும் இதே குரலில்தான். விளம்பரப் படமாம். ஜனங்கள் போனில் போடுகிற படங்களில், யாராவது ஒருத்தர் 'இது சரியில்லை' என்று புகார் செய்தவை எல்லாம் வரிசையாக அவளிடம் வரும். மூன்று பொத்தான்கள். விடு, நீக்கு, அவசரம். அவசரம் அழுத்தினால் மேலே இன்னொரு குழுவுக்குப் போகும், அங்கிருந்து வேண்டுமானால் போலீசுக்கும். இந்தப் படங்களை லேப்டாப்பில் நேரடியாகத் திறக்கக் கூடாது. லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுகிற விர்ச்சுவல் மெஷின் ஒன்று உண்டு, திரையில் ஒரு தனிச் சதுரமாகத் தெரியும், அதற்கென்று கொஞ்சம் ரேம், கொஞ்சம் பிராசசர் பிரித்துக் கொடுத்திருக்கும், அதற்குள்தான் எல்லாம். உள்ளே எந்த அசிங்கம் விழுந்தாலும் வெளியே ஒட்டாது என்று பயிற்சியில் ஓர் அம்மா சிரித்த முகமாகச் சொன்னார். மங்களேஸ்வரி அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். வெளியே ஒட்டாது. கீழே குழாயடியில் வீட்டு ஓனர் காறினார், அடித்தொண்டையிலிருந்து இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. துப்பும் சத்தத்துக்காக இங்கே இவள் வயிறு காத்துக்கொண்டு நின்றது. துப்பினார். தண்ணீர் ஊற்றினாரா? ஊற்றவில்லை. அது அங்கேயே கிடக்கும், மத்தியானம் துணி காயப்போட இறங்கும்போது காலைத் தூக்கித் தாண்ட வேண்டும்.

விர்ச்சுவல் மெஷின் சதுரத்துக்குள் ஒரு படம் பாதியில் நின்றிருந்தது. பாதிகூட இல்லை, கால் பங்கு. மேலே ஒரு தகரக் கூரையின் விளிம்பு, வெளிறிய வானம், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெறுமை. இம்மானுவேல் அது முழுசாக வரட்டும் என்று காத்திருக்கிறான் போல. வராது, இன்னும் இருபது விநாடியாவது ஆகும், அவளுக்கு அந்த விநாடிகள் மனப்பாடம். அந்த விநாடிகளில்தான் அவள் பிழைத்துக்கொண்டிருந்தாள். மழை நாள் ஒன்றில் வைரஸ் தடுப்பு புதுப்பித்தல் ஏதோ ஓடி மெஷின் தவழ ஆரம்பித்தது. படங்கள் மேலிருந்து கீழாக, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவதுபோல வந்தன. மேல் கால் பங்கிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வானம் எப்படி இருக்கிறது, சுவர் எப்படி இருக்கிறது, மேலே நிற்பவனின் தலைமுடி எப்படி நனைந்திருக்கிறது, அது போதும். மீதி வருவதற்குள் நீக்கு. அடுத்தது. அன்றைக்குச் சாயங்காலம் பல மாசத்துக்குப் பிறகு தயிர்சாதம் சாப்பிட்டாள். தனுஷ்கோடி தோளில் கை வைத்தபோது விலகவில்லை. ரெண்டு நாளில் வைரஸ் தடுப்பு ஓடி முடிந்தது, மறுபடி எல்லாம் பளீரென்று முழுசு முழுசாக வந்து முகத்தில் அடித்தன. மூன்றாம் நாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு மெஷினை நிறுத்தினாள், அதன் செட்டிங்கைத் திறந்தாள், நாலு ஜிபி ரேமை ஒன்றாக்கினாள், ரெண்டு பிராசசர் கோரை ஒன்றாக்கினாள், படத்தை வேகப்படுத்தும் வசதிக்கு இருந்த டிக்கை எடுத்தாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவளுக்கு இது பெரிய வித்தையில்லை. கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள், பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடி அறுப்பவள் மாதிரி.

அது பதினெட்டாம் தேதி. அதைத்தான் இப்போது இவன் கண்டுபிடிக்கப் போகிறான். சப்போர்ட்டுக்குப் புகார் டிக்கெட் போட்டது அவள் இல்லை, டீம் லீட் நிருபமா. "மங்களா, உங்க எண்ணிக்கை பாதியா விழுந்திருக்கு, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "மெஷின் ஸ்லோ நிருபமா" என்று இவள் அதே குரலில் சொன்னாள். "அய்யோ, முதல்லயே சொல்ல வேண்டாமா, நான் சப்போர்ட்டுக்குச் சொல்றேன்" என்று அவள் உண்மையான அக்கறையோடு சொன்னபோது தனக்கு வந்தது பயமா, இல்லை நிருபமாவின் நல்ல மனசின் மேலேயே ஓர் அருவருப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்பு இப்போது பவர் செட்டிங்கில் இருந்தது. "பேட்டரி சேவர்ல கிடக்கு மேடம், அதை மாத்திடறேன்." சரி. "வைரஸ் ஸ்கேன் இந்த மெஷினோட ஃபைலையும் சேத்து ஸ்கேன் பண்ணிட்டே இருக்கு, அதையும் விலக்கிடறேன்." சரி சார். "பழைய ஸ்னாப்ஷாட் பதினாலு இருக்கு. தினம் ஒரு காப்பி எடுத்து வச்சா இடம் எப்படிப் போதும்? அழிச்சிடவா?" அழியுங்கள். அழித்துக்கொண்டே போ, அங்கேயே சுற்று, அடுத்த பக்கத்துக்குப் போகாதே. பதினாலு நாள், ஒவ்வொரு நாளும் உறைந்துபோய் அடுக்கடுக்காக இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது, இவள் மடியில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்த லேப்டாப்புக்குள். விசிறி இரைந்தது. அதன் வாயில் அவளுடைய முடியே உருண்டையாகச் சுற்றிக்கொண்டு கிடக்கும், ஒருமுறை ஊக்கால் இழுத்தபோது சாம்பல் நிறத்தில், செத்த எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் அந்தத் தென்னைமரம் வந்துவிட்டது. அது இப்படித்தான், முடி, எலி, கயிறு, தென்னைமரம். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. மேல் கால் பங்கில் தென்னங்கீற்று, நல்ல நீல வானம், கீற்றில் ஒரு காக்கா. எவனோ ஊருக்குப் போய் எடுத்த படம், பிடிக்காத பங்காளி புகார் செய்திருக்கிறான் என்று நினைத்து விடு அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் மீதி வந்தது. மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டம் போட்ட நீல லுங்கி. வாயைத் திறந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான், தண்ணீராக இருக்கலாம். முழுசாக ஒரு விநாடி நின்றது, போய்விட்டது, அடுத்த படம் மேலிருந்து இறங்க ஆரம்பித்தது. வரிசை பின்னால் போகாது. நிருபமாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால், பார்க்காமலேயே ஏன் அழுத்தினீர்கள் என்ற கேள்வி வரும், அதற்குப் பின்னால் பதினெட்டாம் தேதி வரும். அதனால் எழுதவில்லை. எழுதாமல் எழுந்து போய் முகம் கழுவி, சாதம் வடித்து, அவரைக்காய் ஆய்ந்து, நரம்பை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டாள். கட்டியவர்கள்மேல் வந்த குமட்டல் ஒரு வகை, அது வரும் போகும். அவரைக்காய் ஆய்ந்த தன் விரல்களைப் பார்த்து வருவது போவதில்லை. எத்தனை பேர் பார்த்தார்களோ. எத்தனை பேர் சிரித்தார்களோ. அவன் இப்போது…

"மேடம்."

குரல் மாறியிருந்தது. அம்பு மெஷினின் செட்டிங் பக்கத்தில் நின்றிருந்தது.

"இதுல ஒரு ஜிபிதான் குடுத்திருக்கு. ஒரு கோர். நாங்க அனுப்பும்போது நாலும் ரெண்டுமா வச்சுத்தான் அனுப்புவோம். யாரோ மாத்தியிருக்காங்க மேடம். பதினெட்டாம் தேதி, மத்தியானம் ரெண்டு பத்து."

"எனக்குத் தெரியல சார்" என்றாள். காதில் ரத்தம் அடிக்கும் சத்தம் அந்தப் பஞ்சில் மோதித் திரும்பி வந்தது. "வீட்டுக்காரர் ஏதாவது தொட்டிருப்பாரோ என்னமோ." சொல்லிவிட்டாள். கடை ஷட்டரைத் தூக்கி, கிரீஸ் கையோடு எவனுடைய டயரையோ உருட்டிக்கொண்டிருக்கும் மனுஷன், இந்த லேப்டாப்பை மூடியிருக்கும்போதுகூடத் தொடாதவர், 'உன் ஆபீஸ் சாமான், ஏதாவது ஆயிடும்' என்று தள்ளி உட்காருகிறவர். அவர் தலையில் போட்டுவிட்டாள், கொஞ்சமும் யோசிக்காமல், வாயில் தயாராக இருந்த மாதிரி. நாக்கில் புளிப்பாக ஏறியது. இம்மானுவேல் 'ம்' என்றான். நம்பினானா? அது ஒன்றுமே சொல்லாத 'ம்'. "பரவாயில்ல மேடம், மாத்திடறேன்" என்று மெஷினை நிறுத்தினான், எண்களை ஏற்றினான், டிக்கைப் போட்டான், திரும்ப ஓடவிட்டான். முன்பெல்லாம் மெஷின் எழுந்து வருவதற்குள் ஒரு பாத்திரம் கழுவிவிட்டு வரலாம். இப்போது அவள் எச்சிலை விழுங்குவதற்குள் வந்துவிட்டது. "பாருங்க, எப்படி இருக்கு! ஒரு டெஸ்ட் பண்ணிடறேன்" என்று செய்த வேலையின் சந்தோஷத்தோடு சொல்லிக்கொண்டே வரிசையைத் திறந்தான். வேண்டாம் சார் என்று சொல்ல வாய் திறந்தாள், தகரக் கூரைப் படம் முழுசாக வந்து நின்றுவிட்டது.

ஒரு நாய். சுற்றி நாலு பேரின் கால்கள். ஒருவனின் செருப்பு புதுசு, வாரில் கடை ஒட்டிய விலைச்சீட்டுகூட இன்னும் இருந்தது. அவள் கண் எப்போதும் இப்படிச் செருப்பில், கைக்கடிகாரத்தில், சுவரிலிருக்கும் காலண்டரில் போய் ஒளிந்துகொள்ளும், நடுவில் இருப்பதைக் கடைசியாகத்தான் தொடும். இம்மானுவேலுக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்காது. அவன் நேராக நடுவில் பார்த்திருப்பான். அம்பு நாயின் மேலேயே அசையாமல் நின்றது. ஹெட்செட்டில் அவன் பின்னாலிருந்து யாரோ டீ எத்தனை என்று கேட்பதும் யாரோ நாலு என்பதும் கேட்டது. இவன் மூச்சு மட்டும். மங்களேஸ்வரிக்கு முதலில் வந்தது வெட்கம், ஏதோ அவளே செய்து வைத்ததை இவன் பார்த்துவிட்ட மாதிரி, கழுவாத பாத்திரத்தை விருந்தாளி பார்த்த மாதிரி. இரண்டாவதாக வந்தது, அதை ஒத்துக்கொள்ளவே அருவருப்பாக இருந்தது, ஒரு திருப்தி. பார். நீயும் பார். மூன்று வருஷத்தில் ஒரு துணைக்கு ஒருத்தன். அவள் மவுஸை எட்டிப் பிடித்து நீக்கு அழுத்தினாள். இரண்டு பேரும் இழுக்க, அம்பு ஒரு நொடி திணறிவிட்டு நகர்ந்தது. படம் போனது.

"அக்கா" என்றான். மேடம் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. பேச்சில் தூத்துக்குடி வந்துவிட்டது. "இதையாக்கா தெனம் பாக்கீய?"

"இதைவிட மோசமும் வரும்."

"எங்ககிட்ட போட்டோ ரெவ்யூன்னு மட்டும்தான் போட்டிருக்கு." அம்பு திரும்ப மெஷினின் செட்டிங் பக்கத்துக்குப் போனது. "நீங்கதான் கொறச்சீங்களா?"

"ஆமா." சொன்னது இவ்வளவு லேசாக வெளியே வந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "முழுசா வர்றதுக்குள்ள அழுத்திடலாம்னு. அவர் தொடல. அவர் இந்த மேஜைப் பக்கமே வர மாட்டார்."

கீழே மறுபடி குழாய் திறந்தது. இம்மானுவேல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் சொன்னான். "பழைய மாதிரியே வச்சிட்டுப் போயிரட்டா அக்கா? லேப்டாப் பழசு, இதுக்கு மேல ஏத்த முடியாதுன்னு டிக்கெட்ல எழுதிருதேன். ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

ஆமாம் என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. தோள் இறங்கியது, வயிறு அவிழ்ந்தது, ராத்திரிக்குத் தயிர் உறை ஊற்றலாமா என்றுகூட ஒரு மூலையில் யோசனை ஓடியது. அந்தச் சின்ன, சௌகரியமான யோசனைதான் அவளை நிறுத்தியது. தயிர். நீல லுங்கி. கேட்டது தண்ணீர்தானா? மறுபடி கால் பங்கு, மறுபடி கீற்றும் காக்காவும், மறுபடி இவள் தயிர்சாதம் சாப்பிடுவாள், கீழே முக்கால் பங்கில் எவனாவது நின்றுகொண்டிருப்பான். தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்றாள், ஹெட்செட் வயர் இழுத்தது, உட்கார்ந்தாள்.

"வேண்டாம். முழுசாவே இருக்கட்டும்."

"நெஜமாவா அக்கா?"

"மேல மட்டும் பாத்துட்டு ஒண்ணை விட்டுட்டேன், இம்மானுவேல். ஒரு ஆளைக் கட்டி வச்சிருந்தாங்க. நான் விடு அழுத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அவன் யாரை, எங்கே என்று கேட்கவில்லை. அதற்கு அவனை அவளுக்குப் பிடித்தது. "என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றுதான் கேட்டான். இருக்கிறது, நேரம்கூட. அம்பு மெஷினுக்குள் போய் ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்று என்று இறங்கி, வரி வரியாக எண்கள் நிறைந்த ஒரு ஃபைலைத் திறந்தது. வரிசைதான் பின்னால் போகாது, நடந்தது எல்லாம் இங்கே எழுதியிருக்கும் என்றான். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு நாற்பத்திரண்டு. ஒரு நீள எண், பக்கத்தில் 'விடு', பக்கத்தில் அவளுடைய ஊழியர் எண். அவள் கை வைத்த இடத்தில் அழுக்கு ரேகை மாதிரி. "இந்த நம்பரைப் போட்டு அவசரத்துக்கு அனுப்பலாம். ஆனா உங்க பேருலதான் போவும். ஏன் லேட்டுன்னு கேப்பாவ."

"கேக்கட்டும்" என்றாள். வீராப்பாகச் சொல்லவில்லை, குரல் வறண்டு பிசிறியது. வேலை போகலாம். போனால் தனுஷ்கோடியிடம் என்ன வேலை போனது என்று சொல்ல வேண்டும், அப்படியானால் என்ன வேலை இருந்தது என்றும் சொல்ல வேண்டும். எண்ணை ஒட்டினாள். காரணம் என்ற கட்டத்தில் 'படம் முழுதாக வரும் முன்பே அழுத்திவிட்டேன். மெஷினை மெதுவாக்கியது நான்தான்' என்று எழுதினாள், இரண்டாவது வாக்கியத்தை அழித்தாள், மறுபடி எழுதினாள். அனுப்பினாள். பதிமூன்று நாள் கழித்து. இதனால் அந்த ஆளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது? ஒன்றும் ஆகாமலும் போகலாம். நல்லது செய்துவிட்டோம் என்று உள்ளே எங்கோ ஒன்று மெல்ல முதுகை நிமிர்த்தியது. அதையும் அவள் பார்த்தாள், அதுவும் குமட்டியது.

"ஒரே ஒரு டெஸ்ட் அக்கா, ஸ்பீடு ஒழுங்கா நிக்குதான்னு பாத்துட்டு டிக்கெட்டை மூடிருதேன்" என்றான் இம்மானுவேல். அடுத்த படம் கண்ணிமைக்குமுன் வந்தது. முழுசு. ஒரு பிறந்தநாள் கேக். வெள்ளை கிரீம், ரோஸ் நிறத்தில் பூ, ஒரு மெழுகுவத்தி, மூக்கில் கிரீம் பூசிக்கொண்டு சிரிக்கும் பெண் குழந்தை, பின்னால் பத்துப் பேர் நெருக்கி நின்றார்கள். மேலே சரிகைக் காகிதத் தோரணம். மங்களேஸ்வரி மேலே பார்த்தாள், இடது மூலை, வலது மூலை, கத்தி, கத்தியைப் பிடித்த கை, கை யாருடையது, தோளில் இருக்கும் கை யாருடையது, மேஜைக்குக் கீழே, தரையில், காலில் என்ன செருப்பு. கிரீமில் விரல் தடம். கீழிருந்து மறுபடி மேலே. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இது ஏன் வந்தது? எவனோ அழைப்பு வராத சொந்தக்காரன் எரிச்சலில் அழுத்தியிருப்பான், எத்தனை பார்த்திருக்கிறாள். இருந்தும் விரல் விடு பொத்தானுக்கு இறங்கவில்லை. கேக் கேக்காகத் தெரியவில்லை. அந்த வெள்ளை, அந்த ரோஸ், உள்ளே ஈரமாக. குழந்தை சிரிக்கிறதா, அழப்போகிறதா.

"வேகம் போதுமாக்கா?"

"இருங்க. பாத்துட்டிருக்கேன்."

அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு அவள் காதுக்குள் இருந்தது. அம்பு கேக்கின் மேல் ஊர்ந்தது, குழந்தையைத் தாண்டியது, பின்னால் நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போய், ஜன்னல் ஓரத்தில் நின்றது.

"அக்கா, அந்தத் திரைக்குப் பின்னால ஏதோ கெடக்க மாதிரி இல்ல?"

மங்களேஸ்வரி முன்னால் குனிந்து பார்த்தாள். மடிப்பு. காற்றில் உப்பியிருக்கும் ஒரு பச்சைத் துணி மடிப்பு, அவ்வளவுதான். பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் இவன் நன்றாக இருந்தான், யாரோ டீ சொன்னார்கள், இதைப் பார்க்காமலிருந்தால் நிம்மதியாகக் குடித்திருப்பான்.

"அது திரைதான் இம்மானுவேல்" என்றாள். "நீங்க கட் பண்ணிட்டுப் போங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."